பாகூர் ஏரிக்கு ரிஸ்வானா சொன்ன வழி

வில்லியனூரிலேயே பிறந்து வளர்ந்து பாகூர் ஏரியைப் பார்த்ததில்லை என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். போன வெள்ளிக்கிழமைதான் வேளை வந்தது. செலியமேட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் என் தங்கை ஸ்டெல்லா, "ஏரிக்கு வழி தெரியாத ஆளு ஒருத்தர் வேணும்க்கா, நீ வா" என்று கூப்பிட்டாள்.

காலை எட்டரைக்கு ஸ்கூட்டியில் கிளம்பினேன். சுமார் பதினைந்து கிலோமீட்டர். கரும்பு லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனதில் முக்கால் மணி நேரம் ஆனது.

வாசலிலேயே தங்கை விஷயத்தைச் சொன்னாள். ஏழாம் வகுப்பை நாலு நாலு பேராகப் பிரித்து ஆங்கிலம் பேச வைக்கிறாள். ஏரிக்குப் போகும் வழியை நாலு துண்டாக்கி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்திருக்கிறாள். அவரவர் துண்டை அவரவர்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம், பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது. இதெல்லாம் வெறும் சத்தம் என்பது தலைமையாசிரியரின் கட்சி. இன்று அவரே வந்து உட்காரப் போகிறார். ஒரு பிள்ளை வாய் திறக்காவிட்டாலும் திங்கட்கிழமையிலிருந்து பழையபடி கரும்பலகைதான்.

"எல்லாரும் பேசிடுவாங்களா?" என்றேன்.

"ரிஸ்வானாவ நெனச்சாதான் பயமா இருக்குக்கா. மளிகைக் கடைக்காரர் பொண்ணு. கிளாஸ்ல இதுவரைக்கும் ஒரு வார்த்த இங்கிலீஷ் பேசினதில்ல."

என்னை அந்த ரிஸ்வானாவின் குழுவில்தான் உட்கார வைத்தாள். முதல் மூன்று பேர் விறுவிறுவென்று முடித்தார்கள். கடைசித் துண்டு, ஏரிக்கரைக்குத் திரும்பும் இடம், ரிஸ்வானாவுடையது. அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

"இன்னாடி, லெஃப்டா ரைட்டா, அத்த மட்டுமாவது சொல்லுடி" என்றாள் பக்கத்துப் பெண்.

பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தலைமையாசிரியருக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து வந்து, "உடுங்க மேடம், நானே சொல்லிடறேன்" என்றார் என்னிடம்.

ரிஸ்வானா சட்டென்று எழுந்து நின்றாள்.

"சார், தட் இஸ் மை ரோட். ஐ வில் டெல்."

சொன்னாள். "டீ ஷாப். பிக் ட்ரீ. டர்ன் லெஃப்ட். கோ ஸ்லோ, கௌ கம்மிங்." மாடு வரும் என்பது அவள் துண்டிலேயே இல்லை. அவளாகச் சேர்த்தது.

தலைமையாசிரியர் போய் உட்கார்ந்தார். தங்கையைப் பார்த்து, "எட்டாவதுக்கும் இதையே வச்சுடும்மா" என்றார். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, இதில் மறைக்க என்ன இருக்கிறது.

மேப்பைத் திறக்காமலே கிளம்பினேன். டீக்கடை, பெரிய மரம், இடது பக்கம் திரும்பினால் நிஜமாகவே எதிரில் மாடு. அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்.

நீங்கள் போவதானால் காலையிலேயே போங்கள். கரையில் நிழல் குறைவு, குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். யூனிஃபார்மில் பிள்ளைகள் யாராவது வந்தால் ஆங்கிலத்திலேயே வழி கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகலாம். நடுவில் வாயைத் திறக்காமல் நில்லுங்கள். அது அவர்களுடைய ரோடு.