கதவு நிலையில் மிஞ்சிய பொட்டு

தலவாக்கலையிலிருந்து மேலே ஏறும் பாதையில், மூடிப்போன ஒரு தேயிலை பேக்டரியின் மேல்மாடியில் நாங்கள் விமான இறக்கைகள் செய்கிறோம். பஸ்ஸில் இதைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பொம்மை விமானமா என்று ஒருவர் கேட்டார். ஆள் ஏறிப் பறக்கிற சோதனை விமானம். அதன் உடலும் வாலும் வேறு ஊரில் தயாராகின்றன. இறக்கைகள் மட்டும் எங்களுடையவை.

நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்தியவன். பத்திரிகை நின்றதும் ஊருக்குத் திரும்பினேன். இங்கே என் வேலை பார்ப்பது. துணியில் சுருக்கம், ரெசினில் குமிழி, விளிம்பில் பிசிறு. தவறாக இருப்பது எது என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொல்வது எங்கள் பொறியாளரின் வேலை.

கையால் செய்கிறவர்கள் ஆறு பெண்கள், எல்லாரும் பக்கத்துத் தோட்டத்து லயன் வீடுகளைச் சேர்ந்தவர்கள். கண்ணாடி இழைத் துணியை அச்சின்மேல் அடுக்கடுக்காக விரித்து ரெசின் என்ற பிசினைத் தடவுவார்கள். பிறகு மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, ஓரங்களை ஒட்டி, பம்பால் உள்காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். தாள் இறுகி இறக்கையின் வடிவத்துக்கு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு சூடு. முன்பு தேயிலைக் கொழுந்து வாட்டிய அதே ஏற்பாடுதான்: கீழே விறகு அடுப்பு, பெரிய விசிறி, மேலே அடைத்த அறை. கதவுக்கு உட்புறம் தடித்த ஃபோம் ஒட்டியிருக்கிறது. தாழ்ப்பாள் வெளியே. விசிறி ஓடும்போது உள்ளேயிருந்து யார் கத்தினாலும் கேட்காது. காலைவரை அந்தக் கதவைத் திறப்பதில்லை. உள்ளே ஓர் ஆள் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று பொறியாளர் முதல் நாளே சொன்னார். இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதனால்தான் பொட்டு. வளையல், பூ, ஸ்டிக்கர் பொட்டு எதுவும் அறைக்குள் போகக் கூடாது. ஒரு தடவை கனகாம்பர இதழ் ஒன்று அடுக்குகளுக்கு நடுவில் சிக்கி, ஓர் இறக்கைப் பலகையையே தூக்கி வீசும்படி ஆயிற்று. எனவே உள்ளே போகும்போது பெண்கள் பொட்டை எடுத்துக் கதவு நிலையில் ஒட்டுவார்கள். வரும்போது எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். ஒருவர் வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிறவர், பொட்டு வைக்காதவர். அவரும் நிலைக்கென்று ஒரு பொட்டு வைத்திருந்தார். வேலை முடிந்ததும் அதைத் தன் போனின் முதுகில் ஒட்டிவைப்பார். நிலையில் பொட்டு இருந்தால் உள்ளே ஆள் உண்டு. நிலை வெறுமையானால் தாழ்ப்பாள் போடலாம். வேறு ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை.

ஐப்பசி மழை தொடங்கிய வாரம் ஒரு மாலை, எல்லாரும் வெளியே வந்த பிறகும் நிலையில் ஒரு பொட்டு இருந்தது. சின்னது, அரக்கு நிறம், கல் இல்லாதது. ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். ஐந்து நெற்றியில் பொட்டு இருந்தது. வேதக்காரப் பெண் போனைத் திருப்பிக் காட்டினார். உள்ளே போய் அச்சுகளுக்கு அடியிலும் துணிச்சுருள்களுக்குப் பின்னாலும் தேடினோம். யாரும் இல்லை. ரெசின் அதற்குள் கெட்டியாகிக்கொண்டிருந்தது. கடைசியில் பொட்டு இருக்கும்போதே தாழ்ப்பாள் போட்டோம். காலையில் இறக்கையில் ஒரு குறையும் இல்லை.

பொட்டு அங்கேயே இருந்தது. அடுத்தவர் பொட்டை எடுப்பதில்லை என்பது பழக்கமாகியிருந்ததால் யாரும் அதைத் தொடவில்லை. கொஞ்ச நாளில் அது கேலியாயிற்று. "அந்தம்மா இன்னைக்கும் ஓவர்டைம்" என்பார்கள். டீ ஊற்றும்போது ஒரு கோப்பை கூடிவிட்டால், "ஏழாவது ஆளுக்கு வைங்க" என்று ஒருத்தி சொல்வாள். பழைய பேக்டரி ஆளாக இருக்கும், சம்பளம் வாங்காமல் போனவராக இருக்கும் என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். நிலையில் ஒரு பொட்டு மட்டும் மிஞ்சினால் அறை காலி என்பது புதுக் கணக்கு. யாரும் முடிவு செய்யவில்லை. தானாக வந்துவிட்டது.

வலது இறக்கையின் மேல்தோல் செய்த அன்று பிற்பகலே பனிமூட்டம் ஜன்னல்வரை வந்துவிட்டது. ஆறு பேரில் மூத்தவரை மற்றவர்கள் அக்கா என்பார்கள். ஹட்டனில் கிளினிக் இருக்கிறது, நேரத்தோடு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அவர் காலையிலேயே சொல்லியிருந்தார். வேலை முடிந்தது. ஐந்து பேர் வந்தார்கள், அவரவர் பொட்டை எடுத்தார்கள். அக்கா முன்பே பஸ்ஸுக்குப் போயிருப்பார் என்று நினைத்தோம். நிலையில் ஒன்று மிஞ்சியது. பொறியாளர் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன். தாழ்ப்பாள் விழுந்தது, விசிறி ஓடத் தொடங்கியது.

படி இறங்குவதற்கு முன் இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தேன். பத்திரிகை அச்சில் ஓர் எழுத்து மட்டும் பெரிதாக விழுந்திருந்தால் படிப்பதற்கு முன்பே கண் நின்றுவிடும். அப்படித்தான் நின்றது. நிலையில் இருந்த பொட்டு கொஞ்சம் பெரியது. சிவப்பு. நடுவில் ஒரு கல்.

"இது அக்காவோடது" என்றேன்.

பொறியாளர் விசிறியை நிறுத்த ஓடினார். தாழ்ப்பாளை நான் இழுத்தேன். கதவை ஒட்டித் தரையில் அவர் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. கதவைத் தட்டித் தட்டிக் கைமுட்டிகள் சிவந்திருந்தன. தாளின் ஓரத்தில் எங்கோ காற்றுக் கசிவதுபோல் இருந்தது என்றார். அதைக் கேட்க அச்சு இருந்த மேசைக்கு அடியில் புகுந்து காதை வைத்திருக்கிறார். கதவு மூடியது தெரியவில்லை. தண்ணீர் குடித்த பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"பொட்டப் பாக்கலியாண்ணே?"

பார்த்தோம் என்று வேதக்காரப் பெண்தான் சொன்னார். "ஒண்ணுதான் இருந்திச்சி, அந்தம்மாவோடதுன்னு நெனச்சிட்டோம்."

அப்போதுதான் எல்லாரும் நிலையைப் பார்த்தோம். அந்தச் சின்ன அரக்குப் பொட்டு இல்லை. ஒட்டியிருந்த இடத்தில் பசையின் வட்டம் மட்டும் இருந்தது. மழைக்காலம் முழுவதும் விழாமல் இருந்தது, இரண்டு பொட்டுகள் தெரிய வேண்டிய அந்த ஒரு நாளில் இல்லாமல் போயிருந்தது. இரண்டு தெரிந்திருந்தால் யாருமே தாழ்ப்பாளைத் தொட்டிருக்க மாட்டோம்.

அன்றிரவு மறுபடி சூடேற்றி, மறுநாள் தோலை அச்சிலிருந்து எடுத்த பிறகு வழக்கம்போல் அதன் அடியில் விளக்கை வைத்து அறையை இருட்டாக்கினோம். கண்ணாடி இழை மங்கலாக ஒளி விடும். குறைகள் நிழலாகத் தெரியும். பின்விளிம்பின் மூலையில், அக்கா காதை வைத்திருந்த இடத்துக்கு நேர் மேலே, இரண்டாம் அடுக்குக்குக் கீழே அரக்கு நிறத்தில் ஒரு புள்ளி இருந்தது. பசை காய்ந்து யாருடைய கையுறையிலாவது ஒட்டி அன்று காலை உள்ளே போயிருக்கும் என்றார் பொறியாளர். அது சரியான விளக்கம்தான். சுற்றிலும் நாணயத்தால் தட்டிப் பார்த்தார். ஓசை எங்கும் மாறவில்லை, உள்ளே அடுக்கு பிரியவில்லை என்று அர்த்தம். பளு விழும் இடமில்லை, இருக்கட்டும் என்று பேனாவால் வட்டம் போட்டார். பிறகு வெள்ளைப் பெயின்ட் அதை மூடிவிட்டது.

இறக்கைகள் லொறியில் ஏறி, கினிகத்தேனை வளைவுகளில் இறங்கிப் போயின. விமானம் பறந்த வீடியோ எங்களுக்குப் போனில் வந்தது. பெண்கள் வலது இறக்கையை மட்டும் பார்த்தார்கள்.

இப்போது ஆளுக்கொரு பூட்டு கொடுத்திருக்கிறார்கள். உள்ளே போகிறவர் தன் பூட்டைத் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். அவர் வந்து கழற்றும்வரை கதவை மூட முடியாது. நிலையில் மிச்சம் எதுவும் இருப்பதில்லை. ஆனாலும் மூடுவதற்கு முன் அக்கா வாசலில் நின்று உள்ளே பார்த்துக் கூப்பிடுகிறார்.

"யாரும் இருக்கீங்களா?"

மற்ற ஐந்து பெண்களும் நானும் பொறியாளரும் அவருக்குப் பின்னால்தான் நிற்கிறோம், உள்ளே யாரும் இல்லை. அவருக்கு அது தெரியும். இருந்தாலும் பதில் சொல்ல ஒருவருக்கு ஆகும் நேரம்வரை அவர் காத்திருக்கிறார். அதன் பிறகுதான் கதவை மூடுகிறார்.