விடுதிக் குசினியில் ஒரு வெள்ளிக்கிழமை

கண் விழிக்கும்போதே, முந்தின இரவு கம்பளத்தில் சிந்திய பியரின் புளித்த வாடையும், ஆட்டுக் கொழுப்பு உருகும் வாடையும் படியேறி எங்கள் அறைக்கு வந்துவிடும். எழுபதுகளின் நடுப்பகுதியில், சிட்னிக்கு மேற்கே மலையடிவாரக் கிராமம் ஒன்றில், குதிரைவண்டிக் காலத்துக் கல் விடுதியின் மேல்மாடியில் நாங்கள் தங்கியிருந்தோம்: யாழ்ப்பாணத்திலிருந்து வீதிப் பொறியியலாளராக வந்த அப்பா, அம்மா, சிறுமியான நான். கீழே சாப்பாடும் பியரும், மேலே படுக்கை. நாங்கள் பார்க்கப் போன வாடகை வீடுகள் எல்லாம், எங்கள் முகத்தைக் கண்ட அந்தக் கணத்துக்குச் சற்று முன்னர்தான் வேறு யாருக்கோ கொடுபட்டிருந்தன. அந்தத் தற்செயலை இன்றும் வியக்கிறேன். ஆகவே இந்த விடுதிக்காரரைப் பகைத்தால் தெருவில்தான் நிற்க வேண்டும் என்பது அப்பாவின் அன்றாடப் பிரசங்கம்.

வெள்ளிக்கிழமையில் அம்மா "மச்சம்" தொடமாட்டார், மரக்கறிச் சாப்பாடு மட்டும்தான். வெள்ளியில் இறைச்சி ஆகாது, சமய வழக்கம் என்று சமையற்காரி மொலியிடம் அப்பா பணிவாகச் சொல்லிவைத்தார். மொலி கத்தோலிக்கர். "எனக்கா சொல்லித்தர வேண்டும், எங்கள் வீட்டிலும் அதுதானே" என்று பூரித்துப்போய், மத்தியானம் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தார்: கிழங்குப் பொரியலின்மேல், தட்டை மீறிய பொரித்த மீன்.

அம்மா இருந்த "கதிரை"யைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

"கிழங்கையாவது சாப்பிடன். அந்த மனுசி கோவிச்சால் எங்கை போறது?" என்றார் அப்பா.

"மீனோடை பொரிஞ்ச கிழங்கு. நீங்கள் சாப்பிடுங்கோ, நான் சமைக்கிறன்."

"எங்கை?"

"குசினியிலைதான். வேறை எங்கை சமைக்கிறது?"

மேலே போய், பெட்டியிலிருந்த "சைவச் சட்டி"யையும் அரிசி, பருப்பு, செத்தல் மிளகாயையும் எடுத்துக்கொண்டு அம்மா குசினிக்கு நடந்தார், பின்னாலேயே அப்பாவும் நானும். மொலி வாசலை அடைத்து நின்றார். மீன் இறைச்சி இல்லையே என்றார்.

"அதுக்கும் உயிர் இருந்ததுதானே எண்டு சொல்லுங்கோ."

அப்பா சொன்னார். மொலி யோசித்தார். "முட்டை?" அதுவும் இல்லை. "இவ்வளவு தண்டனை அனுபவிக்க அப்படி என்ன பாவம் செய்தாள்?" அப்பா இதை மொழிபெயர்க்கவில்லை.

மொலியின் கைக்குக் கீழாகக் குனிந்து உள்ளே போன அம்மா, முதல் வேலையாக ஓர் அடுப்பைச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கத் தொடங்கினார். "என் அடுப்பு அழுக்கு என்கிறாளா?" என்று மொலி சிவந்தார். அப்பா சமாதானம் சொல்ல வாய் திறப்பதற்குள், கொழுப்பேறிக் கறுத்த துணியை அம்மா உயர்த்திக் காட்டினார். மொலி அதைப் பார்த்தார். பிறகு தானும் ஒரு துணியை எடுத்து, தோற்கக்கூடாது என்ற வேகத்தில் அடுத்த அடுப்பைத் தேய்க்கலானார்.

மிளகாயைத் தாளித்தபோது பக்கத்து அறையில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் இருமியபடி முற்றத்துக்கு ஓடினார்கள், பியரையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு. முடிந்தது, இனித் தெரு என்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். மொலி கண்ணைத் துடைத்துவிட்டு, "அடுத்த வெள்ளிக்கிழமை முதலில் ஜன்னலைத் திறக்கச் சொல்லு" என்றார்.

பிற்காலத்தில் நகரசபையில் உணவகங்களைப் பரிசோதிக்கும் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றேன். அண்மையில், சிட்னியின் டூங்கபியில் இருக்கும் என் வீட்டிலிருந்து அந்த விடுதிக்குப் போனேன். கல் சுவர் இருக்கிறது. உணவுப் பட்டியலில் மரக்கறிக்குப் பச்சை இலை அடையாளம் போட்டிருக்கிறார்கள். குசினிக் கதவில், பணியாளர் தவிர வேறெவரும் நுழையக்கூடாது என்ற பலகை. சரியான விதிதான், மற்றவர்கள் தலையில் எத்தனையோ முறை நானே சுமத்தியது. அம்மா அதை வாசித்திருக்கவும் மாட்டார். விதி தெரிந்த நான் மேசையிலேயே இருந்து, கொண்டுவந்து வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.