எல்லைப் போலீஸ்

என் வீட்டுக்காரர் நாட்டு எல்லையில் போலீஸ் வேலை பார்த்தார். கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு அது புரியவே இல்லை. துப்பாக்கி தூக்கினால் பட்டாளம், லத்தி தூக்கினால் போலீஸ், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. "பட்டாளத்தாரே, எப்ப வந்தீங்க?" என்று யாராவது கேட்டால் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம் இல்லையா? மாட்டார். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"பட்டாளம் இல்லங்க, போலீஸ். எல்லைப் போலீஸ்."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

எழுபத்தொன்றில் லீவில் வந்திருந்தபோது பக்கத்து வீட்டுப் பங்காளிகள், அண்ணனும் தம்பியும், அவரைத் தேடி வந்தார்கள். இரண்டு பேருடைய கடலைக் கொல்லைக்கும் நடுவில் இருந்த கல் அடிக்கடி இடம் மாறும். அது தானாகத்தான் நகர்கிறது என்று இருவரும் சாமிமேல் சத்தியம் செய்வார்கள்.

"தம்பி, நீ எல்லைப் போலீசாமே? எங்க எல்லையக் கொஞ்சம் வந்து பாத்துச் சொல்லேன்" என்றார் பெரியவர்.

அடுப்படியில் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அது வேறு எல்லை என்று இவர் விளக்கிப் பார்த்தார்.

"எல்லைன்னா எல்லைதானப்பா?" என்றார் சின்னவர்.

இவர் மீசையைத் தடவிக்கொண்டு கிளம்பினார். தெருநாயைக் கண்டால் என் பின்னால் ஒளிகிற மனுஷர், கொல்லையில் காலை அகட்டி நின்று இரண்டு பக்கமும் பார்த்த பார்வை இருக்கிறதே! கடைசியில் கொடுத்தது தீர்ப்பா? வாய்தா.

"அடுத்த லீவுல வந்து நூல் புடிச்சு அளந்து தரேன். அதுவரைக்கும் கல்லுக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் எடம் சும்மா கெடக்கட்டும். யாரும் ஏர் ஓட்டக் கூடாது."

"அங்கயும் இப்படித்தான் வாய்தா குடுப்பீங்களா?" என்று சோறு போடும்போது கேட்டேன்.

"அங்க யாரு கேக்குறா?" என்று சிரித்தார்.

அந்த வருஷக் கடைசியில் சண்டை வந்தது. எல்லையில் நின்றவர் அங்கேயே விழுந்துவிட்டார். உடம்பு வரவில்லை, அவருடைய தகரப் பெட்டிதான் வந்தது. "பட்டாளத்துல போயிட்டாரே" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் அழுதார்கள். "போலீஸ், போலீஸ்" என்று நான் கத்தினேன். திருத்துவதற்கு அவர் இல்லையே.

ஊரெல்லாம் கடலை விதைத்தார்கள். கல்லை ஒட்டிய இடத்தில் மட்டும் கோரை மண்டியது. உயிரோடு இருந்த யார் சொல்லையும் கேட்காத அந்த அண்ணன் தம்பி, இவர் சொன்னதைத் தாண்டவில்லை. எனக்கு அதில் ஒரு கிறுக்குச் சந்தோஷம். அந்த இடம் சும்மா கிடக்கிறவரை அவர் லீவில் வர வேண்டிய ஆள்தான் என்று நினைத்துக்கொள்வேன். முகத்தைக் கடைசியாகப் பார்க்காதவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

பல வருஷம் கழித்துப் பெரியவர் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். கண் மங்கிவிட்டது அவருக்கு.

"ஏம்மா, எங்களுக்கும் வயசாயிடுச்சு. பசங்க அந்த எடத்த உழுவணுங்குறானுவ. எல்லைப் போலீஸ் வூட்டுல கேக்காம எப்படி?"

இரண்டு பேரும் நான் சொல்வதற்காகக் காத்து நின்றார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம்கூட வந்தது. இன்னும் ஒரு விதைப்பு பொறுத்தால் என்ன?

"உழுதுக்கங்க மாமா" என்றேன். "அவரு இனிமே வர மாட்டாரு."

அதை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.