பிள்ளையாருக்கு எடுத்து வைத்த நாவல் பழம்

அன்று நீங்கள் இரண்டு பேரும் மாகறலில் சித்தி வீட்டில் இருந்தீர்கள். வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. கேட்டால் அம்மா சொல்ல மாட்டாள். அதனால் அப்பா நானே எனக்கு வந்த மாதிரி எழுதி வைக்கிறேன்.

உங்கள் அக்கா கடற்கரைச் சாலை ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தாள் அல்லவா, அது பாரில் பானம் கலக்கும் வேலை என்று தெரிந்த நாளிலிருந்து அம்மா அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பாள், அதோடு சரி. அம்மாவின் அப்பாவை, உங்கள் தாத்தாவை, குடிதான் கொண்டுபோனது. அவளைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அக்காவும் தானாக எதுவும் சொல்வதில்லை. நடுவில் நான் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வரும் வழியில் வாலாஜாபாத்தில் இறங்கி, ஒரு பை நிறைய நாவல் பழம் வாங்கி வந்தாள். மறுநாள் அவளுடைய மேலாளருக்குப் புதிதாக ஒரு காக்டெயில் கலந்து காட்ட வேண்டுமாம். பிடித்துவிட்டால் மெனுவில் சேர்ப்பார்களாம். கடை சிரப் வேண்டாம், பழத்திலிருந்து தானே காய்ச்ச வேண்டும் என்று அவளுக்கு ஆசை. தங்கியிருக்கும் விடுதியில் அடுப்பு கிடையாது.

கொட்டை எடுத்து, மசித்து, சர்க்கரை சேர்த்து, சின்னத் தீயில் வைத்தாள். “சக்கர கரஞ்சதும் அணைச்சுடுப்பா. கொதிக்க வுட்றாத” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

நான் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். நன்றாகக் கொதித்தால்தான் நூல் நிறத்தைப் பிடிக்கும், அரைகுறைச் சூட்டில் எடுத்தால் அலசும்போதே ஓடிவிடும். சர்க்கரை கரைந்தது. ஆனால் நிறம் போதாது என்று தோன்றியது. ஒரு வெள்ளைப் பட்டு இழையை முக்கிப் பார்த்தேன். வெளிறிப்போய்தான் ஏறியது. நாலு பெரிய மனிதர்கள் முன்னால் என் மகள் இதையா நீட்டுவாள் என்று தீயைக் கூட்டிவிட்டேன்.

அவள் வந்தபோது சட்டியில் நல்ல அரக்கு நிறம். கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்தாள்.

“கலர் எப்படி?” என்றேன்.

“கலர் வந்துருக்குதுப்பா. பழம்தான் போயிடுச்சு.”

இனி இதை ரொட்டியில் தடவலாம் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. சாயங்காலம் அவளுக்கு பஸ். பை காலி. நான் வண்டியை எடுத்துக்கொண்டு பூக்கடைப் பக்கம் எல்லாம் சுற்றி, ஐயம்பேட்டை வரை போனேன். எந்தக் கூடையிலும் நாவல் இல்லை.

வெறுங்கையோடு திரும்பினேன். அடுப்படியில் அம்மா பித்தளைத் தட்டோடு நின்றாள். அன்று சதுர்த்தி. தெருமுனைப் பிள்ளையாருக்கு என்று காலையிலேயே கூடைக்காரியிடம் வாங்கி வைத்திருந்த நாவல் பழம் அது. சாமிக்கு எடுத்து வைத்ததை அவள் நம்மை மோந்து பார்க்கக்கூட விட மாட்டாள், தெரியுமே. அந்தத் தட்டை அடுப்பு மேடையில் வைத்தாள்.

அக்கா அதைத் தொடவில்லை. “நான் இத எதுல கலக்கப் போறேன்னு தெரியும் இல்லம்மா?”

“தெரியும்.”

“சாமிக்கு?”

“அவருக்கு வெல்லம் வச்சுக்கலாம். அவரு முனையிலதான இருக்காரு. நீதான் பஸ் ஏறிப் போயிடுவ.”

பிறகு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கொட்டை எடுத்தார்கள். நானும் உட்காரப் போனேன். “நீங்க அந்தாண்ட போங்க” என்றாள் அம்மா. வாசற்படியில் நின்றுகொண்டேன். சர்க்கரை கரைந்ததும் அக்கா அணைத்தாள். நிறம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் படியை விட்டு நகரவில்லை. வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து, ஆறியதும் அம்மாவிடம் கரண்டியை நீட்டினாள். அம்மா கொஞ்சம் தயங்கினாள். “வெறும் பழம்தாம்மா” என்றாள் அக்கா. அம்மா ருசி பார்த்துவிட்டு, நாவல் பழத்தை உப்பில்லாமல் யார் தின்பார்கள் என்று ஒரு கல் உப்பு போடச் சொன்னாள்.

பாட்டிலை ஈரத்துணியில் சுற்றி அக்காவின் பையில் வைத்தது அம்மாதான்.

மறுநாள் சாயங்காலம் அக்கா போன் செய்தாள். மெனுவில் சேர்த்துவிட்டார்களாம். நான் ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் அம்மா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“யாரு யாரு குடிச்சாங்க? என்னா சொன்னாங்க?”

அந்த வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. அக்கா சொல்லச் சொல்ல, அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு மேலும் மேலும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.