சில்வர் பெயிண்ட் அடித்த கேட்

வெள்ளிக்கிழமை காலை பழவேற்காட்டிலிருந்து மும்தாஜ் அக்காவின் கணவர் பாய் போன் செய்தார். "அக்கா மவுத்தாயிட்டாங்கம்மா. ஜும்மாவுக்கு அப்புறம் எடுக்கறோம், வந்துடு." பொன்னேரி ஸ்டேஷனில் வேலைக்கு ரயில் பார்த்து நின்றவள், வெளியே வந்து பஸ் ஏறினேன்.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். வயல், ஏரி, கதவு, தொழிற்சாலைச் சுவர் என எதையும் இருக்கிறபடியே எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ஓவியர் அவர். போட்டோவைப் பார்த்து ஒரு கோடுகூடப் போடமாட்டார். எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாக வேண்டும்.

நானும் வரைபவள். முதன்முதலில் சேர்ந்து பொன்னேரி வயலுக்குப் போனபோது, தூரத்துப் புகைபோக்கியை விட்டுவிட்டு நெல்லை மட்டும் வரைந்தேன். எட்டிப் பார்த்தவர், "அது இன்னா பாவம் பண்ணிச்சு? அதுவும் அங்கதான நிக்குது?" என்றார். என் படம், என் இஷ்டம் என்றேன். சிரித்துவிட்டார். அதன்பின் ஞாயிறுதோறும் சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து வரைந்தோம்.

கடைசியாக அவர் எடுத்துக்கொண்டது கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் துருப்பிடித்த இரும்பு கேட். அந்தத் துருவின் நிறத்துக்கே பல வாரம் ஆனது. இதயம் பலவீனமாகி, டாக்டர் வெளியே போகவே கூடாது என்ற பிறகும் ஆட்டோ பிடித்து வந்துவிடுவார். இந்தப் படத்தை முடிக்காமல் கண்ணை மூடக்கூடாது என்ற பிடிவாதம் அவருக்கு.

அதற்கு நம் ஊர் மரியாதை குறுக்கே வந்தது. ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தால், கேட் சில்வர் பெயிண்டில் பளபளக்கிறது! ஓவியர் அம்மா தன் கேட்டை வரைகிறார் என்று கேள்விப்பட்ட முதலாளி, ஆள் விட்டு அடித்துவிட்டார். "இப்ப நல்லா கீதா மேடம்?" என்று வாட்ச்மேன் பெருமையாகக் கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பழசை ஞாபகத்துல வச்சு முடிச்சிடுங்கக்கா. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே," என்றவர் கத்தியை எடுத்து, கேன்வாஸிலிருந்த துருவைச் சுரண்டத் தொடங்கினார். "அவங்க கேட்டையே மாத்திட்டாங்க. நானும் மாத்தறேன். இப்ப இன்னா?" மூச்சு வாங்கியது. நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை நான் பழவேற்காடு போய்ச் சேர்ந்தபோது வீடு கொள்ளாத கூட்டம். அந்தப் படம் கூடத்துச் சுவரில் சாய்ந்திருந்தது. கேட் வெள்ளியாக மின்னியது. கீலோரம் பெயிண்ட் வழிந்த தடம்கூடத் தப்பவில்லை.

"நேத்து எனக்கே சொல்லாம ஆட்டோ புடிச்சிக்கினு போயி முடிச்சிட்டு வந்துட்டாம்மா," என்றார் பாய். கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், இரண்டு கைகளையும் விரித்துப் படத்தை மறித்து நின்றார். நெருக்கிக்கொண்டு வந்தவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்: "கொஞ்சம் தள்ளிப் போங்க. பெயிண்ட் இன்னும் காயல."

நானும் அவர் பக்கத்தில் போய்க் கைகளை விரித்து நின்றேன். போய் வாருங்கள், அக்கா. காயும்வரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.