ஈரத் துணி கட்டிய கார்

ஓய்வு பெற்ற பிறகு எனக்கென்று நான் வாங்கிய ஒரே பெரிய பொருள் அந்தக் கார். பந்தயக் கார் மாதிரி தாழ்வாக இருக்கும். இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை கிடையாது; மழைக்கென்று ஒரு கித்தான் உண்டு, அதை இழுத்து மாட்டி முடிப்பதற்குள் மழை நின்றுவிடும். எனக்கு முன் மூன்று பேரிடம் இருந்த வண்டி.

அப்போது சதுரங்கப்பட்டினத்தில் வீடு கட்டிக் குடியேறியிருந்தோம். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி, கதவுக் கொண்டி, மின்விசிறி என்று எல்லாம் துருப்பிடிக்கும் ஊர். இந்த வண்டிக்கு உடம்பு இரும்பு அல்ல, மீன்பிடிப் படகுகளுக்கு இருப்பதைப் போல ஃபைபர். துருப்பிடிக்காது என்ற ஒரே காரணத்தைச் சொல்லித்தான் மனைவியைச் சம்மதிக்க வைத்தேன். தெருவில் படகு என்ற பொருளில் அதைப் 'போட்டு' என்றார்கள்.

பராமரிப்பெல்லாம் வீட்டு வாசலிலேயே. ஸ்பார்க் பிளக் துடைப்பது, ஆயில் மாற்றுவது, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவது எல்லாம் நானே. கழற்றும் திருகாணிகளை எண்ணி ஒரு கிண்ணத்தில் போடுவேன், எண்ணித் திரும்ப எடுப்பேன். ஒன்று குறைந்தால் அன்று சாப்பாடு இறங்காது.

சனிக்கிழமைகளில் கூடுவாஞ்சேரியில் இருந்த மனைவியின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புவோம். முதல் கோடையில் ஒருநாள், செங்கல்பட்டு ரயில்வே கேட்டில் வண்டிகளுக்கு நடுவே நின்றபோது எஞ்சின் அணைந்தது. பின்னால் நின்ற லாரியின் ஓட்டுநர் இறங்கி வந்து பார்த்தார்.

"பம்பு சூடாயிடுச்சு சார். உள்ள பெட்ரோலு ஆவியாப் பூடும். ஈரத்துணி போடுங்க."

பழைய கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அறிந்த வைத்தியம்தான். கைக்குட்டையை நனைத்துப் போட்டேன். கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. வெயில் காலம் போன பிறகும் விடவில்லை. கிளம்புமுன் பழைய வேட்டித் துண்டு ஒன்றைப் போர்க் கிணற்றுத் தண்ணீரில் நனைத்துப் பெட்ரோல் பம்பைச் சுற்றிக் கட்டிவிடுவேன். எங்கள் போர்த் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும்.

ஐப்பசி வாக்கில் வண்டி மறுபடி நிற்கத் தொடங்கியது. போகும்போது ஒன்றும் செய்யாது. திரும்பி வரும்போது மட்டும் சூட்டைக் காட்டும் முள் சிவப்புப் பக்கம் ஏறும், எஞ்சின் உதறும், பிறகு அணையும். அரை மணி காத்திருந்தால் கிளம்பும். நெடுநேரம் ஓடிய எஞ்சின் திரும்பும்போது சூடாகத்தானே இருக்கும் என்று எண்ணினேன். ரேடியேட்டரைக் கழுவினேன். தீப்பொறிக்கான இக்னிஷன் காயிலை மாற்றினேன். விசிறி நிற்காமல் சுற்றும்படி செய்தேன். துணியை இரண்டாக்கினேன். தை மாதத்துக்குள் ஏழு தடவை நின்றுவிட்டது.

ஏழாவது தடவை திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால். கொசுக் கடி. கடந்து போன பேருந்துகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். மனைவி கொசுவை அடித்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னொரு தடவை இது நடுரோட்டில நின்னா, கோவளத்துக்காரர்கிட்ட கொடுத்துடணும். சரியா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

கோவளத்துக்காரர் பழைய வண்டிகளை வாங்கி விற்பவர். ஞாயிறு தவறாமல் எங்கள் வாசலில் வந்து நிற்பார்.

"இன்னா சார், நேத்தும் நின்னுச்சாமே? பேஜாரு புடிச்ச வண்டி சார். என்னாண்ட குடுத்துருங்க. எஞ்சினக் கழட்டிப் போட்டுட்டு, மஞ்ச பெயிண்ட் அடிச்சு ஓட்டல் வாசல்ல நிறுத்திட்டா, வர்றவன்லாம் ஏறி உக்காந்து போட்டோ புடிச்சுக்குவான்."

"ஓடுறதுக்குத்தான் கார்," என்றேன்.

"அத்த வண்டியாண்ட சொல்லுங்க சார்."

அடுத்த சனிக்கிழமை திரும்பி வரும்போது செங்கல்பட்டைத் தாண்டியதும் இருட்டத் தொடங்கியது. விளக்கைப் போட்டேன். முள் ஏறிற்று. வேகத்தைக் குறைத்தேன். மனைவி குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, பக்கத்துல இருக்கற முள்ளு என்னது?"

"பெட்ரோல்."

"அதுவும் ஏறுதே."

"பெட்ரோல் எப்படி ஏறும்? குறையத்தான் செய்யும்."

"கிளம்பறப்ப பாதில இருந்தது. இப்ப முக்கால்ல நிக்குது. ஓட ஓட பெட்ரோல் ஊறுமா?"

விளக்கை அணைத்தேன். இரண்டு முட்களும் இறங்கின. போட்டேன். இரண்டும் ஏறின. மறுபடி அணைத்துவிட்டு, ஒரு பேருந்தின் பின்னாலேயே மிச்சமிருந்த வெளிச்சத்தில் ஊர் வந்து சேர்ந்தோம். எங்கும் நிற்கவில்லை.

மறுநாள் காலை எஞ்சின் மூடியைத் திறந்தேன். இரும்புக் காரில் விளக்குக்குப் போன மின்சாரம் வண்டியின் உடம்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். ஃபைபரில் அது நடக்காது. அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு கறுப்பு ஒயர் கொடுத்து, எல்லாவற்றையும் அடியில் உள்ள இரும்புச் சட்டத்தில் ஒரே போல்ட்டில் முடுக்கியிருந்தார்கள். எண்ணினேன், ஒன்பது ஒயர்கள். போல்ட் இருந்த இடம் பம்புக்கு நேர் கீழே. பல மாதமாக என் வேட்டித் துண்டிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி அது பச்சையாகப் பூத்திருந்தது. தொட்டதும் நான்கு ஒயர்கள் கையோடு வந்தன. திரும்பி வரும்போது இருட்டில் விளக்கைப் போட்டால் மின்சாரத்துக்குத் திரும்ப வழியில்லை. முட்கள் தப்பாகக் காட்டும், எஞ்சினுக்குத் தீப்பொறி போதாது. சூடே கிடையாது.

மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப வேட்டிதான் காரணமா?" என்றாள்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது போல்ட் முடுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். வாரம் முழுக்கக் காலையில் எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு அணைத்து, முட்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விளக்கைப் போட்டாலும் இரண்டும் ஏறவில்லை.

அந்தச் சனிக்கிழமை போய்விட்டுத் திரும்பினோம். விளக்குகள் எரிந்தன, சூட்டு முள் நடுவில் நின்றது. பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. அது பொய் சொல்லும் முள் என்று போன வாரம்தான் கண்டுபிடித்திருந்தேன். அதை உடனே நம்ப மனம் வரவில்லை. ஓடிய தூரத்தைக் கணக்கிட்டால் இன்னும் நான்கு லிட்டர் இருக்க வேண்டும். வாரம் முழுக்க வாசலில் நின்றபடியே எரித்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை. திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியதும் எஞ்சின் இரண்டு முறை இருமி அணைந்தது.

சாலையின் ஓரத்தில் உருட்டி நிறுத்தினேன். மஞ்சள் பெயிண்ட்தான் என் நினைவுக்கு வந்தது. மனைவி கொஞ்ச நேரம் முன்விளக்குகளைப் பார்த்தாள். மங்காமல் எரிந்துகொண்டிருந்தன. பிறகு குனிந்து முட்களைப் பார்த்தாள்.

"சூடு சரியா இருக்கு. பெட்ரோல் இல்லைன்னு அது ஒழுங்காத்தான் காட்டுது," என்றாள். "இது வண்டி நின்னது இல்ல. நீங்க நிறுத்தினது. பின்னாடி கெடக்கற காலிக் கேனை எடுத்துட்டுப் போய்ப் பெட்ரோல் வாங்கிட்டு வாங்க."

பங்க் வரை நடந்து போய்த் திரும்பி வந்தேன். தூரத்திலிருந்தே விளக்குகள் தெரிந்தன.

"பேட்டரி என்னத்துக்கு ஆகும்? அணைச்சிருக்கலாமே."

"முள்ளு ஏறுதான்னு பாத்துகிட்டிருந்தேன். ஏறலை."

ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக்காரர் வந்தார்.

"இன்னா சார், நேத்தும் நின்னுச்சாமே?"

மனைவி டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள். "வண்டி நல்லா இருக்குங்க. விக்கறதா இல்ல. பெட்ரோல் போடற ஆள்தான் சரியில்ல."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார்.

"ஆளக் குடுக்கறீங்களாக்கா? மஞ்ச பெயிண்ட் அடிச்சு நிறுத்திக்கறேன்."

"அது வேணும்னா பேசலாம்," என்றாள் மனைவி.

டீ குடித்துவிட்டு அவர் போன பிறகு, ஐந்து லிட்டர் கேன் ஒன்றை நிரப்பி இருக்கைக்குப் பின்னால் கட்டி வைத்தேன்.