மணியின் முதுகில் மஞ்சள்

ஹட்டனில் மிருக வைத்தியர் கொடுத்த களிம்பைத் திறந்ததும் கந்தக வாசம் மூக்கில் ஏறியது. என் நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்கு எங்கள் லயத்து வரிசை வீட்டில் வளர்ந்த நாய் மணி நினைவுக்கு வந்தான்.

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் அப்போது எனக்கு ஒன்பது வயது. மணிக்குச் சொறி பிடித்து முடி கொட்டியிருந்தது. தினமும் மத்தியானம் எங்கோ போய், முதுகில் மஞ்சளாக எதையோ பூசிக்கொண்டு நாற்றத்தோடு திரும்புவான். கைக்குழந்தையோடு பக்கத்து வீட்டிலிருந்த ராக்காயி அக்கா மேல்தான் அம்மாவுக்குச் சந்தேகம். அவருடைய கோழியை மணி கடித்துக் கொன்று ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"வெஷத்தத் தடவுறா. நக்கிச் சாகட்டும்னு பாக்குறா."

வேலை முடிந்து வந்ததும் அம்மா அவனைப் பீலிக் குழாயில் கொட்டும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுவார். சொறி காதுவரை பரவியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மணியின் பின்னாலேயே நானும் அம்மாவும் போனோம். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ராக்காயி அக்கா தேங்காய்ச் சிரட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னாத்தத் தடவுறீங்க?" என்று அம்மா கேட்டார்.

"கந்தகப் பொடியும் தேங்கா எண்ணெயும். ராவெல்லாம் எங்க கதவுல ஒரசிச் சொறியுது, புள்ள முழிச்சிக்குது." அக்கா நிமிர்ந்து பார்த்தார். "தடவுனது ஒரு நாளும் நிக்க மாட்டேங்குது. யாரோ கழுவி விடுறாங்க."

அம்மா சிரட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு குந்தி, மணி நக்காதபடி அவன் வாயைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் முடி முளைத்தது. ஆனாலும் ராக்காயி அக்காவின் கைக்கு எட்டாதபடி மணியின் சோற்றுச் சட்டியை அம்மா கடைசிவரை வீட்டுக்குள்ளேயேதான் வைத்தார்.